பொருளாதாரக் கொள்கை ஃபெலோஷிப்: தோட்டப் பட்டணத்திலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இது யாருக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டப்படிப்பை முடித்துச் சில வருடமாக வேலை பார்க்கிறீர்கள். கூட்டுறவுச் சங்கம், மாவட்ட அலுவலகம், வங்கி, தொண்டு அமைப்பு, ஈப்போவில் ஒரு கணக்காய்வு நிறுவனம், எதுவாகவும் இருக்கலாம். வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், அல்லது அதைப் போன்ற வேறொரு தோட்டப் பட்டணத்தில். அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர்கள். சம்பளம், வீடு, நிலம், பள்ளிக்கூடம் என்று ஊரில் நடப்பதைப் பார்த்து, இதையெல்லாம் தீர்மானிக்கும் முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன, அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்று யோசிக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இந்த வழிகாட்டி.

அந்த இடத்துக்குப் போகும் வழிகளில் ஒன்று ஃபெலோஷிப். செலவை முழுதாகவோ பெரும்பகுதியாகவோ ஏற்றுக்கொண்டு, சில மாதம் முதல் இரண்டு வருடம் வரை உங்களைப் படிக்க வைக்கும், அல்லது கொள்கை வகுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்ய வைக்கும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் நாம் தேடுகிற உபகாரச் சம்பளத்தில் மதிப்பெண்தான் முதலில் பேசும். இங்கே, இதுவரை என்ன செய்தீர்கள், திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்ற இரண்டு கேள்விகளும் மதிப்பெண்ணோடு சம எடையில் நிற்கும்.

இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் தங்களைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். தோட்டத்தில் பிறந்ததை விண்ணப்பத்தில் ஒரு வரியில் தாண்டிவிட்டு, கோலாலம்பூர் (கே.எல்.) பிள்ளைகளைப் போல எழுத முயல்கிறார்கள். என் கருத்தில் அது தலைகீழான வேலை. பொருளாதார வளர்ச்சிக் கொள்கை பேசும் கூலி, வீட்டுரிமை, நில மாற்றம், வெளிநாட்டுத் தொழிலாளர், முதுமைக்கால வருமானம் எல்லாமே உங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தவை. அதை உணர்ச்சியாக மட்டும் சொல்லாமல், எண்ணோடும் கேள்வியோடும் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு இதில் ஒரு முன்னோடியும் உண்டு. 1950களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தொழிலாளர்களுக்கு வேலையும் போனது, வீடும் போனது. இதே ஊரில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், அதற்குப் பதிலாக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப்பணம் கட்டி, சங்கத்தின் வழியாகத் தோட்டங்களை வாங்கினார்கள். பிரச்சினையை அடையாளம் கண்டு, பணம் எங்கிருந்து வரும் என்று யோசித்து, அதற்கு ஒரு நிறுவனத்தை உருவாக்குவது கொள்கை வகுப்பவர் செய்யும் வேலைதான். நேர்காணலில் உங்கள் ஊரைப் பற்றிக் கேட்டால் சொல்ல இதைவிட நல்ல வரலாறு கிடையாது.

முதல் படி: உங்கள் கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

பாரத்தைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

"தோட்ட மக்கள் ஏழைகள், அவர்களுக்கு உதவ வேண்டும்" என்பது ஆதங்கம். அது நியாயமான ஆதங்கம். ஆனால் அதை வைத்து ஆராயவோ திட்டம் தீட்டவோ முடியாது. அதை எப்படிக் கேள்வியாக மாற்றுவது என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

2025 பிப்ரவரி 1 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2022ஆம் ஆண்டு குடும்ப வருமான ஆய்வின்படி தேசிய வறுமைக்கோட்டு வருமானம், சராசரிக் குடும்பத்துக்கு மாதம் 2,589 ரிங்கிட். குடும்பத்தின் அளவையும் இடத்தையும் பொறுத்து இந்தக் கோடு மாறும். இரண்டு எண்களும் ஒரே ஆண்டுக்கு உரியவையும் அல்ல. இருந்தாலும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. ஒருவர் மட்டும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை செய்யும் சராசரிக் குடும்பம் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. இருவர் வேலை செய்தால் 3,400 ஆகிறது, கோட்டைத் தாண்டிவிடுகிறது. அப்படியென்றால் தோட்டப்புற வறுமையைத் தீர்மானிப்பது இரண்டாவது சம்பளம். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் அம்மா. அவர் ஏன் வேலைக்குப் போகவில்லை? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பட்டணத்துக்குப் போக பஸ் இல்லை, மாமியார் படுத்த படுக்கை. முன்பு தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. தோட்ட நிர்வாகம் தர வேண்டிய வீடு, தண்ணீர், பிள்ளைக் காப்பகம் முதலியவற்றை வரையறுக்கும் 1990ஆம் ஆண்டின் சட்டம் 446 இன்றும் இருக்கிறது. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவுவிலை வீட்டில் குடியேறியவர்களுக்கு அந்த ஆயாக்கொட்டகைக்குப் பதிலாக என்ன கிடைத்தது?

கேள்வி இப்போது கையில் வந்துவிட்டது: கோலக்கங்சார் மாவட்டத்தில் தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்கு, பிள்ளைக் காப்பகமும் போக்குவரத்தும் கிடைத்தால் பெண்களின் வேலைவாய்ப்பு கூடுமா, அதற்கு அரசு எவ்வளவு செலவிட வேண்டும்? இதைக் கேட்கத் தெரிந்தவரை எந்தத் தேர்வுக்குழுவும் லேசில் ஒதுக்காது.

இதே போலப் பல கேள்விகள் நம் ஊர்களில் காத்துக் கிடக்கின்றன. ஓய்வுபெற்றதும் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டிய தொழிலாளிக்குச் சொந்த வீடு கிடைக்க எந்த நிதி ஏற்பாடு சரிப்படும்? ரப்பர் செம்பனையாகி, செம்பனை தாமானாக, அதாவது வீடமைப்புப் பகுதியாக, மாறும்போது உயரும் நில மதிப்பில் அங்கேயே உழைத்தவர்களுக்குப் பங்கு உண்டா? மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டத் தமிழ்ப்பள்ளியை மக்கள் குடியேறிய இடத்துக்கு மாற்றும் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன? இவற்றில் உங்கள் வேலைக்கு நெருக்கமான ஒன்றை மட்டும் எடுங்கள். நான்கையும் எடுத்தால் எதிலும் ஆழம் இருக்காது.

எண்களுக்குக் கே.எல். போக வேண்டியதில்லை. புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளத்தில் குடும்ப வருமானம், வறுமை, வேலையின்மை எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. அதன் காவாசான்கூ பக்கத்தில் நாடாளுமன்றத் தொகுதி வாரியாகப் பார்க்கலாம்; சுங்கை சிப்புட் தனித் தொகுதி என்பதால் நமக்கு இது பெரிய வசதி. 2026 முதல் 2030 வரைக்கான 13ஆவது மலேசியத் திட்டத்தில் உங்கள் தலைப்பைத் தொடும் அத்தியாயத்தைப் படியுங்கள். 2017இல் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டத்தையும் படியுங்கள்; அதில் சொன்னவற்றில் எது நடந்தது, எது நின்றது என்று உங்கள் ஊரளவில் நீங்களே சரிபார்க்கலாம்.

படித்ததை வைத்து இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதுங்கள். பிரச்சினை என்ன, எண் என்ன சொல்கிறது, இப்போது அரசு என்ன செய்கிறது, வேறென்ன செய்யலாம், செலவு யார் தலையில். கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல் மூன்றுக்கும் இதுதான் அடித்தளம். ஒரு நகலை மாவட்ட அலுவலகத்திலோ மக்கள் பிரதிநிதியின் சேவை மையத்திலோ கொடுத்து, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: எந்த ஃபெலோஷிப் உங்களுக்கு?

பெயர் பெரிதாக இருக்கிறது என்பதற்காக விண்ணப்பிக்காதீர்கள். நீங்கள் இப்போது இருக்கும் கட்டத்தைப் பாருங்கள்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆனவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சீவ்னிங். பிரிட்டிஷ் அரசு 1983 முதல் நடத்துகிறது. பிரிட்டனில் ஒரு வருட முதுகலைப் படிப்பு. கல்விக் கட்டணம், மாதச் செலவு, விமானக் கட்டணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வளர்ச்சிப் பொருளாதாரம், பொதுக்கொள்கை, சமூகக் கொள்கை என்று மூன்று படிப்புகளைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பிடலாம். முடித்ததும் குறைந்தது இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையைச் சுமையாக நினைக்க வேண்டாம். ஊருக்குத் திரும்பி வேலை செய்ய விரும்புகிறவருக்கு அதுவே பலம்.

வேலையில் ஐந்து வருடம் தாண்டியவர்களுக்கு ஹியூபர்ட் ஹம்ப்ரி ஃபெலோஷிப். 1978இல் தொடங்கிய அமெரிக்கத் திட்டம். பத்து மாதம், பட்டம் கிடையாது. பல்கலைக்கழகத்தில் விரும்பிய வகுப்புகளில் உட்கார்ந்து, பிறகு ஓர் அலுவலகத்தில் சில வாரம் வேலை செய்து பழகலாம். பொருளாதார வளர்ச்சி அதன் துறைகளில் ஒன்று. ஏற்கனவே முதுகலை முடித்தவர்களுக்கு இது பொருத்தம். மலேசியாவில் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் இதைக் கவனிக்கிறது; அமெரிக்காவின் இன்னொரு உபகாரச் சம்பளமான ஃபுல்பிரைட்டும் அவர்கள் வழியாகத்தான். அமெரிக்க அரசுப் பணத்தில் நடக்கும் திட்டங்கள் அந்நாட்டு பட்ஜெட்டைப் பொறுத்தவை. அதனால் இந்த வருடம் சேர்க்கை உண்டா என்று ஆணையத்திடம் கேட்டுவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.

உலக வங்கியும் ஜப்பானும் சேர்ந்து 1987 முதல் நடத்தும் உபகாரச் சம்பளத் திட்டம் வளர்ச்சித் துறைக்காரர்களுக்கே உரியது. பட்டத்துக்குப் பிறகு, கடந்த ஆறு வருடத்துக்குள், சம்பளத்தோடு மூன்று வருடம் வளர்ச்சி சார்ந்த வேலை பார்த்திருக்க வேண்டும். அவர்கள் பட்டியலில் உள்ள முதுகலைப் படிப்பு ஒன்றில் இடமும் கிடைத்திருக்க வேண்டும். தகுதியுள்ள நாடுகளின் பட்டியலை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருளாதாரத்தில் முதுகலை கையில் இருந்தால், ஓ.டி.ஐ. என்ற பிரிட்டிஷ் ஆய்வு நிறுவனத்தின் ஃபெலோஷிப்பைத் தவறவிடாதீர்கள். 1963இல் லண்டனில் தொடங்கியது. இளம் பொருளாதார வல்லுநர்களை வளரும் நாடுகளின் நிதி அமைச்சு, திட்ட அமைச்சு போன்ற இடங்களில் இரண்டு வருடம் அரசு ஊழியராகவே உட்கார வைக்கும். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். படிப்பை விட்டு நேரடியாகக் கொள்கை வேலைக்குள் நுழைய விரும்புகிறவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. பட்ஜெட் எப்படி எழுதப்படுகிறது என்பதை உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம்.

ஏற்றத்தாழ்வு பற்றித்தான் உங்கள் வேலை என்றால், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் இயங்கும் அட்லாண்டிக் ஃபெலோஸ் திட்டம் இருக்கிறது. அதற்கு நல்ல அனுபவம் வேண்டும். வேலையை விடவே முடியாதவர்கள் ஒபாமா அறக்கட்டளையின் ஆசிய பசிபிக் தலைவர்கள் திட்டத்தைப் பார்க்கலாம். 2019இல் கோலாலம்பூரில்தான் அதன் முதல் கூட்டம் நடந்தது. வயது 24 முதல் 45 வரை. அரசாங்க வேலையில் இருப்பவர்கள் ஜப்பானின் இளம் தலைவர்கள் திட்டத்தைப் பற்றித் தங்கள் துறையிடம் விசாரிக்க வேண்டும்.

இவை எதற்கும் இன்னும் தகுதி வரவில்லையா? வருத்தப்பட ஒன்றுமில்லை. உள்நாட்டில் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டு வாருங்கள். ஈப்போவில் பேராக் மாநிலத்தின் ஆய்வு நிறுவனமான இன்ஸ்டிடியூட் டாருல் ரிட்சுவான் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் போய் வரும் தூரம். கோலாலம்பூரில் கசானா ஆய்வுக் கழகம், 1983இல் தொடங்கிய இசிஸ், 2010இல் தொடங்கிய ஐடியாஸ் ஆகிய கொள்கை ஆய்வு நிறுவனங்கள். பினாங்கில் பினாங்கு இன்ஸ்டிடியூட். கே.எல்.லில் அறை வாடகையும் சாப்பாடும் சம்பளத்தை விழுங்கிவிடும் என்பதால், ஈப்போ வாய்ப்பை முதலில் தட்டிப் பாருங்கள்.

மூன்றாம் படி: அனுபவத்தைக் கணக்குப் போடுங்கள்

சீவ்னிங் கேட்பது 2,800 மணி நேர வேலை அனுபவம். வாரம் 35 மணி, வருடத்துக்கு 40 வாரம், இரண்டு வருடம் என்ற கணக்கில் வந்த எண் அது. முழுநேர வேலை மட்டுமல்ல. பகுதிநேர வேலை, தொண்டு, சம்பளமில்லாத பயிற்சி எல்லாம் சேரும். நம் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். சனி ஞாயிறுகளில் தமிழ்ப்பள்ளியில் இலவச டியூஷன், கோயில் மண்டபத்தில் நடத்திய வருமான வரி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), ஊழியர் சேமநிதி உதவி முகாம், இளைஞர் மன்றத்தின் கணக்கு வழக்கு என்று எத்தனையோ செய்கிறோம், எதையும் எழுதி வைப்பதில்லை. வாரம் ஆறு மணி நேரம் என்றாலும் ஐம்பது வாரத்தில் 300 மணி ஆகிறது.

அதனால் இன்றே ஒரு குறிப்பேடு போடுங்கள். தேதி, இடம், என்ன செய்தேன், எத்தனை பேர் பயனடைந்தார்கள், யார் சாட்சி. அமைப்பின் தலைவரிடம் கையெழுத்திட்ட கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு திட்டத்தின் விதியும் வேறு. உலக வங்கித் திட்டத்துக்குச் சம்பளம் பெற்ற வேலை மட்டுமே கணக்கு.

நான்காம் படி: காலண்டர்

சீவ்னிங்கை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றுக்குத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். அண்மைய ஆண்டுகளில் பாரம் ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடுகிறது. நேர்காணல் அடுத்த வருடத் தொடக்கத்தில், முடிவு வருட நடுவில், படிப்பு செப்டம்பர் அல்லது அக்டோபரில். ஆக, கிளம்ப நினைக்கும் மாதத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை வருடம் முன்னதாகவே வேலையைத் தொடங்க வேண்டும்.

பிப்ரவரி, மார்ச்சில் கேள்வியும் இரண்டு பக்கக் குறிப்பும். ஏப்ரலில் பாஸ்போர்ட், சான்றிதழ்கள். மே, ஜூனில் பரிந்துரை தருபவர்களிடம் பேச்சு. ஜூலையில் கட்டுரைகளின் முதல் வடிவம். பாரம் திறந்த பிறகு எழுத ஆரம்பித்தால் நேரம் போதாது, அதிலும் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு. பாரத்தை அனுப்பிய கையோடு பல்கலைக்கழகங்களுக்கும் தனியாக விண்ணப்பியுங்கள். ஃபெலோஷிப் கிடைத்தும் படிப்பில் நிபந்தனையற்ற இடம் கிடைக்காமல் போனால் போக முடியாது. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் முடிவு இரண்டு வருடம்தான் செல்லும் என்பதையும் கணக்கில் வைத்துத் தேதி குறியுங்கள்.

ஐந்தாம் படி: பரிந்துரைக் கடிதம்

பெரிய மனிதரிடம் கடிதம் வாங்கினால் எடுபடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. டத்தோ ஒருவரின் கடிதத்தில் "இவரை நான் நன்கு அறிவேன், ஒழுக்கமானவர்" என்று நான்கு வரி இருக்கும். தேர்வுக்குழுவுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. உங்களோடு உட்கார்ந்து வேலை பார்த்த மேற்பார்வையாளர், ஆய்வேட்டைத் திருத்திய விரிவுரையாளர், தொண்டு அமைப்பின் செயலாளர் ஆகியோர் எழுதும் ஒரு பக்கம் அதைவிடப் பல மடங்கு எடை கொண்டது.

கேட்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். "சார், அந்தக் கணக்கெடுப்பை நாம சேர்ந்து செய்தோமே, அதைப் பற்றி நீங்க எழுதினா எனக்குப் பெரிய உதவி" என்று சொல்லி, இரண்டு பக்கக் குறிப்பையும், நீங்கள் செய்த வேலைகளின் பட்டியலையும், கடைசித் தேதியையும் கையில் கொடுங்கள். தேதிக்கு இரண்டு வாரம் முன்பு ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். நன்றி சொல்லவும் மறக்காதீர்கள். அடுத்த வருடமும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கலாம்.

ஆறாம் படி: கட்டுரைகள்

சீவ்னிங் நான்கு விஷயம் பற்றி எழுதச் சொல்லும்: தலைமைத்துவம், மனிதர்களோடு உறவு வளர்ப்பது, ஏன் இந்தப் படிப்பு, எதிர்காலத் திட்டம். பெயரில் சிறு மாற்றங்கள் இருக்குமே தவிர, மற்ற திட்டங்களும் இதைத்தான் கேட்கின்றன.

தலைமைத்துவக் கட்டுரையில் பெரும்பாலோர் எழுதுவது இப்படி: "பள்ளிக் காலம் முதலே நான் மாணவர் தலைவராக இருந்தேன். பல நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்துள்ளேன். தலைமைத்துவம் என் இரத்தத்தில் ஊறியது." இதில் எதுவுமே உங்களுக்கு மட்டும் உரியதல்ல. வேறு யாருடைய பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

அதே ஆள் இப்படி எழுதலாம்: "கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஓய்வுபெறும் உறுப்பினர்கள் சேமிப்பை ஒரே நாளில் எடுத்துவிடுவதைக் கவனித்தேன். காரணம் கேட்டேன். தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் வாடகை வீட்டுக்கு முன்பணம் தேவைப்பட்டது. அடுத்த மூன்று ஆண்டில் ஓய்வுபெறப் போகிறவர்களின் பட்டியலைத் தயாரித்தேன். வீட்டுக் கடனுக்கு முன்கூட்டியே சேமிக்கும் திட்டம் ஒன்றை நிர்வாகக் குழுவிடம் வைத்தேன். முதல் கூட்டத்தில் மறுத்தார்கள். பொருளாளரின் சந்தேகங்களுக்குக் கணக்கோடு பதில் தயாரித்து மறுபடி வைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்." இங்கே பதவி இல்லை, பட்டம் இல்லை. கவனிப்பு, கேள்வி, செயல், எதிர்ப்பு, விளைவு எல்லாம் இருக்கின்றன. மாதிரிக்காக நான் அமைத்த பத்தி இது. எத்தனை பேர், எவ்வளவு தொகை என்ற உண்மையான எண்களை உங்கள் குறிப்பேட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

படிப்பு பற்றிய கட்டுரையில் பல்கலைக்கழகத்தின் புகழைப் பாடாதீர்கள். எந்தப் பாடம், அது உங்கள் கேள்வியின் எந்தப் பகுதிக்கு உதவும் என்று எழுதுங்கள். பிள்ளைக் காப்பகக் கேள்வியை எடுத்தவர், திட்டங்களின் விளைவை அளக்கும் பாடம் எதற்குத் தேவை என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

எதிர்காலத் திட்டத்தில் "நாட்டுக்குச் சேவை செய்வேன்" என்பது போதாது. திரும்பிய முதல் இரண்டு வருடத்தில் எந்த அலுவலகத்தில், எந்த வகை வேலை. ஐந்து வருடத்தில் எங்கே. பொருளாதார அமைச்சு, மாநிலத் திட்டப் பிரிவு, இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா, ஆய்வுக் கழகம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஏன் அந்த இடம் என்பதற்குக் காரணமும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஏ.ஐ.யிடம் கொடுத்து எழுதி வாங்கி அப்படியே ஒட்டாதீர்கள். விதிமீறலாகப் போகலாம் என்பது ஒரு பக்கம். உங்கள் ஊரும் வேலையும் அதற்குத் தெரியாது என்பதால் மேலே சொன்ன முதல் பத்தி மாதிரிதான் எழுதித் தரும். இலக்கணம் சரிபார்க்க ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் காட்டினால் போதும். முதல் வடிவத்தைத் தமிழிலோ மலாயிலோ யோசித்து எழுதிக்கொண்டு பிறகு ஆங்கிலத்துக்குப் போவதிலும் தவறில்லை.

ஏழாம் படி: பெயரும் ஆவணமும்

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நம்மவர்களுக்கு இங்கேதான் அடிக்கடி சிக்கல். அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) இருக்கும். பட்டச் சான்றிதழில் சில சமயம் அது இருக்காது. வெளிநாட்டுப் பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் கட்டாயமாக இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, சாய்கோட்டையும் பாரம் ஏற்காது. பாஸ்போர்ட்டில் இருப்பதையே அளவுகோலாக வையுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போடுவதென்று முடிவு செய்தால், ஐ.இ.எல்.டி.எஸ்., பல்கலைக்கழகம், ஃபெலோஷிப் மூன்றிலும் ஒரே மாதிரி போடுங்கள். சான்றிதழில் எழுத்து வித்தியாசம் இருந்தால் சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலாயில் உள்ள சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்டால், மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனத்தில் முத்திரையோடு கிடைக்கும். அப்புறம், இவற்றில் பலவற்றுக்குக் குடியுரிமை வேண்டும். வீட்டில் யாருக்காவது பிறப்புச் சான்றிதழ் பிரச்சினையோ, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோ இருந்தால், அதைத் தீர்க்கும் வேலையை ஃபெலோஷிப்புக்கு முன்பே தொடங்க வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும்.

பணம் கேட்பவர்களிடம் கவனம். சீவ்னிங்கோ ஃபுல்பிரைட்டோ விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. வாட்ஸ்அப்பில் "இடம் வாங்கித் தருகிறேன்" என்று வரும் ஏஜெண்டுகளுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: நேர்காணல்

மூன்று நான்கு பேர் எதிரே உட்கார்ந்து கட்டுரையில் எழுதியதைத் தோண்டுவார்கள். நம் பிள்ளைகளுக்கு அறிவு குறையில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பணிவாகப் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் பழக்கம்தான் தடை. பெரியவர்கள் முன்னால் தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டிருக்கிறோம். இங்கே "நாங்கள் செய்தோம்" என்று மட்டும் சொன்னால், அதில் நீங்கள் செய்தது எது என்று அவர்களுக்குத் தெரியாது. "குழு கணக்கெடுத்தது, கேள்விகளை வடிவமைத்தது நான்" என்று சொல்லிப் பழகுங்கள். இது தற்பெருமை ஆகாது; அவர்கள் கேட்ட தகவலைத் தருகிறீர்கள், அவ்வளவுதான்.

ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். நிதானமாக, குறுகிய வாக்கியங்களில் பேசினால் போதும். நண்பர் ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து, நீங்களே கேட்டுப் பாருங்கள். "உங்கள் யோசனைக்கு அரசிடம் பணமில்லை என்றால்?" "தோட்ட நிர்வாகம் மறுத்தால்?" போன்ற எதிர்க்கேள்விகளுக்குக் கட்டாயம் தயாராக இருங்கள். கொள்கைத் துறையில் எந்த முடிவிலும் ஒரு தரப்பு இழக்கும். அந்தத் தரப்பின் நியாயத்தையும் உங்களால் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பார்கள்.

ஒன்பதாம் படி: வீடும் பணமும்

"நீ போயிட்டா தங்கச்சி படிப்ப யாரு பாக்குறது, மோட்டார் கடன் வேற இருக்கே ஐயா?" என்று அம்மா கேட்பார். அதை உணர்ச்சியால் சமாளிக்க முடியாது, கணக்கைக் காட்டித்தான் சமாளிக்க முடியும். ஃபெலோஷிப் தரும் மாதத் தொகை ஓர் ஆள் அந்த ஊரில் வாழ்வதற்கான தொகை. சிக்கனமாக இருந்தால் கொஞ்சம் மிஞ்சலாம்; வீட்டுக்கு மாதாமாதம் அனுப்ப அதை நம்பித் திட்டமிடாதீர்கள். விண்ணப்பிக்க முடிவெடுத்த நாளிலிருந்து, நீங்கள் வீட்டுக்குத் தரும் தொகை எவ்வளவு, போயிருக்கும் காலத்துக்கு அது எங்கிருந்து வரும் என்று எழுதி, அதற்கென்று தனியாகச் சேமியுங்கள். அண்ணன், அக்கா இருந்தால் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் இருந்தால் கிளம்பும் முன்பே அவர்களைத் தொடர்புகொண்டு ஏற்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கனவே வேறு உபகாரச் சம்பளத்தின் ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நிறுவனத்தின் அனுமதி தேவை. முதலாளியிடம் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். திரும்பி வர ஓர் இடம் இருப்பது இரண்டு வருட நிபந்தனையை நிறைவேற்றவும் உதவும்.

கிடைக்கவில்லை என்றால்

எந்தக் கட்டத்தில் நின்றது என்று பாருங்கள். நேர்காணலுக்கே அழைக்கவில்லை என்றால் குறை கட்டுரையிலோ அனுபவக் கணக்கிலோ இருக்கிறது. வேறு துறையில் இருக்கும் ஒருவரிடம் கட்டுரையைக் கொடுத்து, "நான் என்ன செய்தேன் என்று இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் குறையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நேர்காணல்வரை போய் நின்றிருந்தால், வந்ததும் அன்றைக்கே கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். எதில் தடுமாறினீர்களோ அதற்கான எண்ணையும் வாதத்தையும் தேடுங்கள். இடைப்பட்ட மாதங்களில் அந்த இரண்டு பக்கக் குறிப்பை நாளிதழுக்கு ஒரு கட்டுரையாகவோ ஆய்வுக் கழகத்துக்கு ஒரு சிறு ஆய்வாகவோ விரித்து எழுதுங்கள். ஆகஸ்டில் பாரம் மறுபடி திறக்கும்போது, போன வருடம் இல்லாத ஒன்று உங்கள் கையில் இருக்கும்.